ரியோவில் ஜியு-ஜிட்சு பள்ளிக்கு விருந்தாளியாகச் செல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ரியோ டி ஜெனீரோவின் ஹுமைட்டா பகுதியில் கொலேஜியோ பாத்ரே அன்டோனியோ வியேரா என்றொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எதிராளியைத் தரையில் கிடத்தி, மூட்டுப் பூட்டாலும் கழுத்துப் பிடியாலும் பணிய வைக்கும் பிரேசில் ஜியு-ஜிட்சுவின் முன்னோடிகளில் ஒருவரான எலியோ கிரேசியின் வழிவந்த கிரேசி ஹுமைட்டா பள்ளி பல ஆண்டுகள் பயிற்சி நடத்தியது இந்த வளாகத்துக்குள்தான். எலியோவின் மகன் ராய்லர் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றபோது அவருடைய வீடு இது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோர்கோவாடு மலை தெரியும். அதன் உச்சியில் கைகளை விரித்த கிறிஸ்து சிலை. சென்னையில் ஒரு சிறிய அறையில் மேட் விரித்து ஜியு-ஜிட்சு பழகிய எனக்கு, இந்தத் தெருவுக்கு என்றாவது ஒருநாள் போக வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது.

இரண்டு முறை போய் வந்துவிட்டேன். இப்போது ஊதா பெல்ட்; வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையில் நடுவில் இருப்பது. அடுத்து யாராவது கிளம்பும்போதெல்லாம் என்னிடம் விமானம், விசா, செலவு பற்றிக் கேட்கிறார்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பேர் பெற்ற பள்ளியைச் சுற்றுலா இடமாக நினைத்து நுழைபவர்கள் பலர். அது ஒரு குடும்பத்தின் வீடு. அங்கே செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து வந்து உருள்பவர்கள், அதாவது பயிற்சி ஆட்டம் ஆடுபவர்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள். நாம் விருந்தாளி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

எந்த வீட்டுக்குப் போவது?

ஜப்பானிய ஜூடோ வீரர் மித்ஸுயோ மாயெதா 1914இல் பிரேசிலுக்கு வந்தார். பிறகு வடக்கே பெலெம் நகரில் தங்கினார். அங்கே அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர், 1925இல் ரியோவில் முதல் பள்ளியைத் திறந்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் வரலாறு. அவருடைய தம்பிதான் எலியோ. அண்ணன் தம்பிகளுக்குப் பிறந்த பிள்ளைகளும், அவர்களிடம் கற்ற மாணவர்களும் தனித்தனியே பிரிந்து பள்ளிகள் வைத்ததால், இன்றைய ரியோவில் நீங்கள் தேர்வு செய்வது ஒரு கட்டடத்தை அல்ல, ஒரு கிளையை.

எலியோவின் கிளையில் தற்காப்பு அடிப்படைகளுக்கு முதலிடம். அடிப்பவனிடமிருந்து எப்படித் தப்புவது, கனமானவனுக்கு அடியில் கிடக்கும்போது மூச்சை எப்படிக் காப்பது என்பதிலிருந்து தொடங்குவார்கள். கார்லோஸின் மூத்த மகன் கார்ல்சன் கோபகபானாவில் வளர்த்த கிளை வேறு மாதிரி: மேலிருந்து அழுத்தி, விடாமல் போட்டிக்குப் பழக்கும் மரபு. கார்லோஸின் இன்னொரு மகன் கார்லோஸ் கிரேசி ஜூனியர் 1986இல் பார்ரா டா திஜூகாவில் தொடங்கிய கிரேசி பார்ரா, இன்று உலகெங்கும் கிளைகளுடன் சீருடை, பாடத்திட்டம் என்று ஒழுங்காக நடக்கும் பெரிய அமைப்பு. ஆண்ட்ரே பெடர்னெய்ராஸும் வெண்டெல் அலெக்ஸாண்டரும் சேர்ந்து 1995இல் உருவாக்கிய நோவா உனியாவு, எடை குறைந்த வேகமான வீரர்களுக்குப் பேர் போனது. கலப்புத் தற்காப்புக் கலையில் உலகப் பட்டம் வென்ற ஜோசே ஆல்டோ அங்கே வளர்ந்தவர். வடக்கு ரியோவின் மேயெர் பகுதியில் ஜி.எஃப். டீம் என்ற பள்ளி இருக்கிறது. இபனேமாவுக்கும் கோபகபானாவுக்கும் நடுவில் உள்ள காண்டகாலோ குன்றுக் குடியிருப்பில், உலக வெற்றியாளர் ஃபெர்னாண்டோ தெரெரே அங்குள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் பயிற்சித் திட்டம் இருக்கிறது.

வெள்ளை பெல்ட்டோ புதிய நீல பெல்ட்டோ உள்ளவர்கள் அடிப்படை வகுப்பு தனியாக இருக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். போட்டிக்கு ஆயத்தமாகும் வகுப்பில் போய் நின்றால் நீங்களும் கற்க முடியாது, மற்றவர்களின் பயிற்சியும் கெடும். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன்: பத்து நாளில் ஐந்து பள்ளிகளைப் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ஒரே பள்ளியில் பத்து நாள் இருங்கள். முதல் நாள் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான்காம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆறாம் நாள் ஒரு பழுப்பு பெல்ட் தானாக வந்து, "உன் கால் அங்கே இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறாய்" என்று சொல்லிக் கொடுப்பார். அந்த ஆறாம் நாளுக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

உங்கள் ஆசிரியரிடம் முதலில் சொல்லுங்கள்

பிரேசில் ஜியு-ஜிட்சுவில் 'க்ரெயோன்ச்சி' என்று ஒரு வசைச்சொல் உண்டு. தன் ஆசிரியரை விட்டுவிட்டு எதிரணிக்குப் போனவனை அப்படிச் சொல்வார்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரப் பெயரிலிருந்து கார்ல்சன் எடுத்து வழக்கில் விட்ட சொல் இது என்பார்கள். இன்று அந்தக் கடுமை வெகுவாகக் குறைந்துவிட்டது; பயணம் வந்தவர் இன்னொரு பள்ளியில் பயில்வதை யாரும் துரோகமாக எண்ணுவதில்லை. இருந்தாலும், அந்தச் சொல் பிறந்த ஊருக்குத்தான் போகிறோம். உங்கள் ஆசிரியரிடம் எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவருடைய குரு பரம்பரை எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போனதும் பெயருக்கு அடுத்து கேட்கப்படும் கேள்வி, "உன் ஆசிரியர் யார்?" என்பதாகத்தான் இருக்கும். தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அங்கே யாரையாவது தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஊரில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு பெரியது.

எழுதிக் கேளுங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே எழுதுங்கள். பிரேசிலில் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. பள்ளியின் இணையப் பக்கத்திலோ இன்ஸ்டகிராமிலோ எண் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுவதைவிட, சிறிய வாக்கியங்களாக எழுதிப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம், ஆசிரியரே. நான் இந்தியாவில் சென்னையில் பயிற்சி செய்கிறேன். நீல பெல்ட், ஐந்து ஆண்டுப் பழக்கம். என் ஆசிரியர் இன்னார். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ரியோவில் இருப்பேன். உங்கள் மாலை வகுப்பில் பயில அனுமதி உண்டா? கட்டணம் எவ்வளவு? எந்த நிறக் கிமோனோ அணிய வேண்டும்? வலது முழங்காலில் பழைய காயம் உண்டு, அதனால் மெதுவாகத்தான் பயில்வேன்."

இதில் கிமோனோவின், அதாவது பயிற்சி உடையின், நிறத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில பள்ளிகளில் வெள்ளை மட்டுமே. கிரேசி பார்ராவில் அவர்களுடைய சீருடை. வேறு பள்ளியின் பெரிய சின்னத்தை முதுகில் தைத்துக்கொண்டு நுழைவது எந்த வீட்டிலும் அழகல்ல. சின்னம் இல்லாத வெள்ளைக் கிமோனோ ஒன்று இருந்தால் எங்கும் கதவு திறக்கும்.

கட்டணத்தில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அதற்கு 'ஜியாரியா' என்று பெயர். சிலர் வாரக் கணக்கில் வாங்குவார்கள். சிலர் விருந்தாளியிடம் வாங்கவே மாட்டார்கள். அங்குள்ளவர்கள் எல்லாரும் 'பிக்ஸ்' என்ற வங்கிமுறையில் கைப்பேசி மூலம் பணம் செலுத்துகிறார்கள். அங்கே வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது எளிதல்ல. ஆகவே கையில் பிரேசில் பணமான ரியாலைக் கொஞ்சம் ரொக்கமாக வைத்திருங்கள். முதல் வகுப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

விசாவும் மஞ்சள் அட்டையும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே பிரேசில் விசா எடுக்க வேண்டும். டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு உள்ள தமிழர்கள் அவரவர் நாட்டுக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாவுக்குப் போதிய நாட்களை ஒதுக்குங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில், அந்த நோய் பரவும் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போடும் நாட்களையும் முன்பதிவையும் கேட்டுக்கொண்டு போங்கள். அவர்கள் தரும் மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வையுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சிறிய எழுத்தில் உள்ளதையும் படியுங்கள். மல்லுக்கட்டும் விளையாட்டுகளில் ஏற்படும் காயத்துக்குப் பணம் இல்லை என்று பல காப்பீடுகளில் ஒரு வரி இருக்கும். விளையாட்டுக் காயத்தையும் சேர்த்துக் கொடுக்கும் காப்பீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். தயங்காமல் கொடுங்கள்.

காலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ரியோ நம் சித்திரை மாதத்தைப் போல வேகும். கார்னிவல் வாரத்தில் ஊரே தெருவில் இருக்கும், பள்ளிகள் மூடியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்களுக்குக் குளிர்காலம். சென்னைக்காரருக்கு அது பயிற்சிக்கு ஏற்ற இதமான பருவம்.

பையில் என்ன வைப்பது?

கிமோனோ இரண்டு. ஒன்று போதும் என்று எண்ணாதீர்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தடித்த பருத்தித் துணி ஒரே இரவில் காயாது. ஈரமான கிமோனோவை மறுநாள் போட்டுக்கொண்டு போனால், அதன் வாடையைச் சுமப்பவர் உங்களோடு உருள்பவர். உள்ளே அணிய இறுக்கமான பனியன் இரண்டு மூன்று. பல் காப்பு. செருப்பு. நகவெட்டி. காயத்துக்குச் சுற்றும் ஒட்டுநாடா. பூஞ்சைக்கான களிம்பு.

நகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். மோதிரம், காப்பு, சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, கோயிலில் கட்டிய கயிறு, அரைஞாண் கயிறு என எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மேட்டில் ஏற வேண்டும். கையில் கட்டிய கயிற்றில் ஒருவருடைய விரல் சிக்கித் திருகினால் எலும்பு முறியும். மெட்டி அடுத்தவர் முகத்தைக் கிழிக்கும். கழற்ற மனமில்லாத தாலிச் சங்கிலியை என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டார். ஊரிலேயே வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள், பள்ளி வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டாம் என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள்

இந்திய நேரத்துக்கும் ரியோவுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று ஏதாவது ஓர் இடத்தில் மாற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தங்குமிடம் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிவிடும்.

முதல் பயணத்தில் காலையில் இறங்கி அன்று மாலையே வகுப்புக்குப் போனேன். தூக்கம் இல்லை, உடலில் நீரும் இல்லை. ஆனால் ஆவல் மட்டும் அடங்கவில்லை. மூன்றாவது சுற்றில், தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் உடம்பை முறுக்கித் தப்பிக்கப் பார்த்தேன். விலாவில் சதை பிறழ்ந்தது. எதிரே இருந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் பிடியை விட்டுவிட்டு என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பதினான்கு நாள் பயணத்தில் ஒன்பது நாட்கள் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆகவே இரண்டு நாள் கடற்கரையில் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். மூன்றாம் நாள் வகுப்புக்குப் போகலாம்.

வாசலில் தொடங்கி மேட் வரை

ஹுமைட்டாவுக்குப் போகிறவர்கள் மெட்ரோவில் பொடாஃபோகோ நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வொலுன்டாரியுஸ் டா பாட்ரியா தெரு வழியே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், பஸ்ஸும் உண்டு. பார்ராவுக்கு மெட்ரோவில் கடைசி நிலையமான ஜார்டிம் ஓசியானிகோ வரை போகலாம். 2016 ஒலிம்பிக்கின்போது திறந்த தடம் அது. காண்டகாலோ குன்றுக்கு ஜெனரல் ஒசோரியோ நிலையத்தின் அருகே மின்தூக்கி இருக்கிறது. ஆனால் அங்கே தனியாக ஏறிவிடாதீர்கள். பயிற்சித் திட்டத்தினரிடம் முன்பே பேசி, அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் அனுப்பும் ஆளோடு போங்கள்.

வகுப்புக்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். அங்கே வகுப்பு பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கலாம். அது வீட்டாரின் உரிமை, விருந்தாளிக்குக் கிடையாது. குளித்துவிட்டு வாருங்கள். நகத்தை வெட்டியிருங்கள். உடலில் படர்தாமரையோ, சீழ் வைத்த புண்ணோ, காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஒருவருடைய படர்தாமரை ஒரு வாரத்தில் பள்ளி முழுவதும் பரவிவிடும்.

உள்ளே நுழைந்ததும் ஆசிரியரைத் தேடிப்போய்க் கை கொடுத்துப் பெயர் சொல்லுங்கள். அவரைப் 'புரொஃபெஸ்ஸோர்' என்று அழைக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமான, அல்லது சிவப்பும் வெள்ளையுமான பவளப் பட்டையோ முழுச் சிவப்புப் பட்டையோ அணிந்த முதியவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், அவர் 'மெஸ்ட்ரி'. முதலில் அவருக்கு வணக்கம். பிறகு மேட்டின் ஓரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுங்கள். ரியோவில் யாரையும் விட்டுவிடாமல் எல்லாருக்கும் கை கொடுப்பார்கள். நீங்கள் மட்டும் மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தால் அது கண்ணில் படும்.

மேட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நடக்காதீர்கள்; கழிவறைக்கு என்றால் கட்டாயம் செருப்பு. செருப்போடு மேட்டில் கால் வைக்காதீர்கள். நம் வீட்டு வாசல்படி வழக்கம்தான் இது, நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போது கறுப்பு பெல்ட்டில் தொடங்கிப் பழுப்பு, ஊதா, நீலம், வெள்ளை என்று நிற்பார்கள். விருந்தாளி தன் நிறத்தின் கடைசியில் நின்றுகொள்வது மரியாதை. தாமதமாக வந்தால் ஆசிரியர் கண்ணால் அனுமதிக்கும்வரை ஓரத்தில் காத்திருங்கள். நடுவில் வெளியே போகவும் கேளுங்கள்.

சொல்லித்தரும் பிடியை அவர்கள் செய்யும் விதத்திலேயே செய்யுங்கள். "எங்கள் ஊரில் வேறு மாதிரி செய்வோம்" என்ற வாக்கியத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரே முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கிளைகளுக்குள் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம்.

உருளும்போது

1951 அக்டோபர் 23 அன்று ரியோவின் மரக்கானா விளையாட்டரங்கில் எலியோ கிரேசியும் ஜப்பானிய ஜூடோ வீரர் மஸாஹிகோ கிமுராவும் மோதினார்கள். எலியோவுக்கு அப்போது 38 வயது. கிமுரா அவருடைய கையைப் பின்னால் மடக்கித் திருகினார். கை முறிந்தும் எலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தங்களைத் தோற்கடித்த அந்தப் பூட்டுக்கு, தோற்கடித்தவரின் பெயரையே வைத்தார்கள். இன்று உலகில் எந்த ஜியு-ஜிட்சு பள்ளியிலும் அதற்குக் கிமுரா என்றுதான் பெயர். எலியோவின் பள்ளியில் உங்கள் தோளை யாராவது அந்தப் பிடியில் மாட்டும்போது இது நினைவுக்கு வரட்டும், பேசாமல் தட்டிவிடுங்கள். எலியோ தட்டாமல் இருந்ததற்கு மரக்கானாவும் அந்தக் கூட்டமும் காரணங்களாக இருந்தன. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் நமக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

பயிற்சி ஆட்டத்தை அங்கே 'ஹோலா' என்பார்கள். முதல் சுற்றில் எதிரே இருப்பவர் உங்களைச் சோதித்துப் பார்ப்பார். நீங்கள் வேகத்தோடு பாய்ந்தால் அவரும் அதே வேகத்தில் பதில் தருவார்; அன்று முழுவதும் ஒவ்வொருவரும் அப்படியே உங்களிடம் வருவார்கள். முதல் இரண்டு சுற்றுகளைப் பாதி வலுவில் ஆடுங்கள். கீழே இருந்து காத்துக்கொள்ளுங்கள், நகருங்கள், மூச்சைக் கவனியுங்கள். அவர்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் கற்பது தொடங்கும்.

காலைத் திருகும் பிடிகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கிமோனோ அணிந்த போட்டிகளில் குதிகாலைத் திருகும் பூட்டு எந்த பெல்ட்டுக்கும் அனுமதி இல்லை. முழங்கால் பூட்டும் கால்விரல் பிடியும் பழுப்பு, கறுப்பு பெல்ட்டுகளுக்கு மட்டும். நேர்க் கணுக்கால் பூட்டு எல்லாருக்கும் உண்டு. வீட்டு விதி தெரியாதபோது இந்தப் போட்டி விதியையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டையும் மெதுவாக இறுக்கி, அவர் தட்டுவதற்கு நேரம் கொடுங்கள். அவர் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்.

பழைய மரபுப் பள்ளிகளில் கீழ் பெல்ட், மேல் பெல்ட்டை ஆட்டத்துக்கு அழைப்பதில்லை. கறுப்பு பெல்ட்டோடு உருள ஆசைதான். அவர் அழைக்கும்வரை பொறுங்கள். இடம் நெருக்கமாகி இரண்டு ஜோடிகள் முட்டிக்கொண்டால் கீழ் பெல்ட் உள்ளவர்கள் எழுந்து விலக வேண்டும். பெல்ட் அவிழ்ந்தால் ஆசிரியருக்கு எதிராக நின்று கட்டாமல் திரும்பி நின்று கட்டுங்கள். யாருடன் ஆட விருப்பமில்லையோ அவரிடம் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்க மாட்டார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஹுமைட்டாவில் வளர்ந்த லெட்டீசியா ரிபெய்ரோ பலமுறை உலகப் பட்டம் வென்றவர். ரியோவின் மேட்டில் பெண்கள் புதியவர்கள் அல்லர். ஆனாலும் எழுதிக் கேட்கும்போதே வகுப்பில் பெண்கள் வருவதுண்டா, உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள். என் தோழி ஒருவர் முதல் நாளே பெண்களில் மூத்த பெல்ட்டைத் தேடிப்போய் அறிமுகம் செய்துகொண்டார். யாரோடு உருளலாம், யார் பாரத்தைப் போட்டு அழுத்துவார் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

காதுக்குப் பழக வேண்டிய சொற்கள்

ரியோக்காரர் பேச்சில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர', 'ஹ' ஆகிவிடும். ரியோ என்பது 'ஹியு'. எலியோவின் இன்னொரு மகன், நாம் ரிக்ஸன் என்று படித்துப் பழகியவர், அங்கே 'ஹிக்ஸன்'. ராய்லர் 'ஹோய்லர்'. இது தெரியாமல் முதல் வாரம் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

கிமோனோ 'கிமோனு', பெல்ட் 'ஃபைஷா', மேட் 'டடாமி'. மெதுவாக என்பதற்குத் 'தெவகார்'. இந்த ஒரு சொல் உங்கள் மூட்டுகளைக் காப்பாற்றும். எனக்குக் காயம் என்பதற்கு 'டோ மஷுகாடு', பெண்கள் 'மஷுகாடா' என்று சொல்ல வேண்டும். நன்றி, ஆண்கள் சொன்னால் 'ஓப்ரிகாடு', பெண்கள் சொன்னால் 'ஓப்ரிகாடா'. உருளலாமா என்று கேட்க 'வாமுஷ்?' என்றாலே போதும். பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடிக்கு அங்கே 'மாட்டா லியாவு', சிங்கத்தைக் கொல்வது என்று பொருள். வாயால் தட்டுவதாக இருந்தால் எந்த மொழியிலும் கத்தலாம், விட்டுவிடுவார்கள்.

பயிற்சிக்குப் பின் சாப்பாடு

வகுப்பு முடிந்ததும் யாராவது "அசாயி சாப்பிட வருகிறாயா?" என்று அழைத்தால் களைப்பைச் சொல்லி மறுக்காதீர்கள். வடக்கே பாரா மாநிலத்தில் விளையும் பனை வகைப் பழம் அது. உறைய வைத்துக் கூழாக்கி, குவாரனா என்ற பழத்தின் பாகு சேர்த்துக் கிண்ணத்தில் தருவார்கள். உணவில் கட்டுப்பாடு மிகுந்த கிரேசி குடும்பத்தோடும் ரியோவின் ஜியு-ஜிட்சுக்காரர்களோடும் ஒட்டி வளர்ந்த பழக்கம் இது. மேட்டில் ஐந்து நாள் பழகியும் கிடைக்காத நட்பு இந்தக் கிண்ணத்தின் முன்னால் அரை மணியில் கிடைக்கும்.

சோறும் பயறும் அவர்களுடைய அன்றாட உணவு என்பதால் நமக்குப் பெரிய சிரமம் இல்லை. சைவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: 'ஃபெய்ஜாவு' என்ற பயற்றுக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு வேக வைப்பது வழக்கம். 'கார்னி' (இறைச்சி) இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியைத் தவிர்த்துக் கோழியையோ ஹாமையோ வைத்துவிடலாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். மரவள்ளி மாவில் தோசை போல வார்க்கும் 'டபியோகா', அதே மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடும் சிறு ரொட்டி, கடற்கரையில் இளநீர், சந்தையில் கரும்புச்சாறு ஆகியவை தாராளமாகக் கிடைக்கும்.

தெருவில் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். இரவு வகுப்பு முடிந்தால் செயலி வழி டாக்ஸியில் போங்கள். கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு வெளியே போங்கள். எந்தத் தெரு வழியே போகலாம், எது வேண்டாம் என்பதை வகுப்பில் உள்ளவர்களிடமே கேளுங்கள்.

படமும் விடைபெறுதலும்

படம் எடுப்பதைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடுங்கள். ஆசிரியரிடம் கேட்டு, எல்லாரோடும் சேர்ந்து ஒரு படம் எடுங்கள். நீங்கள் யாரையாவது தட்ட வைத்த காட்சியை ஒருபோதும் வெளியிடாதீர்கள். பயிற்சியில் நடப்பது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான திட்டங்களுக்குப் போகிறவர்கள் நல்ல நிலையில் உள்ள ஒரு கிமோனோவை விட்டுவிட்டு வரலாம். என்ன அளவு வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பியதும் குறிப்பு எழுதுங்கள். எந்தப் பிடி, எந்தக் கை எங்கே, யார் என்ன திருத்தினார்கள் என்று எழுதிவைக்காவிட்டால் விமானம் ஏறும் முன்பே பாதி மறந்துவிடும். பயிற்சி முடிந்த கடைசி நாளுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள், கிமோனோ காய வேண்டும். ஊர் திரும்பியபின் இரண்டு வாரம் தோலைக் கவனியுங்கள். வட்டமாகத் தடித்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஆசிரியருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். இரண்டாவது முறை எழுதியபோது எனக்கு வந்த பதிலில் கட்டணம் பற்றியோ கிமோனோ நிறம் பற்றியோ எதுவும் இல்லை. "முழங்கால் எப்படி இருக்கிறது? எப்போது வருகிறாய்?" என்று மட்டும் இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மஞ்சள் புத்தகத்தைக் கைப்பையில் வைத்திருங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் சுகாதாரப் பிரிவின் வரிசையில் அது கைக்குக் கிடைக்காது.